கித்தேரியம்மாள் கதையும் அம்மானையும்

கோல சிலாங்கூர் மாவட்டத்தில், முன்னாளில் பத்தாங் பெர்ஜுந்தை என வழங்கி 2007 ஆம் ஆண்டில் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறிய ஊரில், புனித வனத்துச் சின்னப்பர் பெயரால் ஒரு கோயில் உண்டு. பவுலுஸ் என்னும் இலத்தீன் சொல்லுக்குச் ‘சிறியவன்’ என்பது பொருள். ஆதலின் பவுல் தமிழில் சின்னப்பர் ஆனார். எகிப்தியப் பாலையில் தவமிருந்தவர் நம் நாவில் வனத்துக்கு உரியவராகிவிட்டார். பாலையை வனமாக்கிய அம்முன்னோரின் துணிவை நான் பலமுறை வியந்ததுண்டு.

பெயரளவில் நில்லாமல், அயல்நாட்டு வரலாறு ஒன்று தமிழ்ப் பெண்டிரின் பாட்டு வடிவத்திற்குள்ளேயே புகுந்ததும் உண்டு. வீரமாமுனிவர் இயற்றிய ‘கித்தேரியம்மாள் அம்மானை’ அத்தகையது. தேம்பாவணியையும் தொன்னூல் விளக்கத்தையும் சதுரகராதியையும் விரித்துரைக்கும் இலக்கிய வரலாறுகள் இந்நூலை ஒரு வரியில் கடந்து செல்கின்றன. மாணவரும் அவ்வரியையே மனனம் செய்கின்றனர்.

கித்தேரி யார்? ஸ்பெயினும் போர்ச்சுகலும் போற்றும் கன்னி வேதசாட்சி அவர். ‘மார்ட்டுஸ்’ என்னும் கிரேக்கச் சொல் சாட்சியைக் குறிப்பது. வேதசாட்சி என்ற பழந்தமிழ்க் கிறித்தவ வழக்கு அதனைப் பிறழாமல் உணர்த்துகிறது. மரபு கூறும் கதை இது: உரோமை ஆட்சியின்கீழ் இருந்த ஐபீரிய நாட்டில் ஒரு பெருமகனின் மனைவி ஒரே பேற்றில் ஒன்பது பெண்மக்களை ஈன்றாள். ஊர்ப்பழிக்கு அஞ்சிய அவள், குழந்தைகளை ஆற்றில் எறியுமாறு சீலா என்னும் பணிப்பெண்ணை ஏவினாள். சீலாவோ அவர்களைக் கிறித்தவப் பெண்களிடம் ஒப்படைத்துக் காத்தாள். வளர்ந்தபின் தந்தைமுன் நிறுத்தப்பட்ட மகளிர், தெய்வச் சிலைகளை வணங்கவும் அவன் விரும்பிய மணத்தை ஏற்கவும் மறுத்தனர். அவர்களுள் ஒருத்தியான கித்தேரி தலை வெட்டுண்டு மாண்டாள். வெறிநாய்களைத் தன் சொல்லால் அடக்கினாள் என்பதால், வெறிநாய்க்கடிக்கு அஞ்சிய மக்கள் அவளை வேண்டினர். மே 22 அவள் திருநாள்.

இக்கதை முழுவதும் வரலாறாகுமா என்றால், ஆகாது என்றே கூறவேண்டும். அவளை இரண்டாம் நூற்றாண்டினள் என்பாரும் ஐந்தாம் நூற்றாண்டினள் என்பாரும் உளர். ஒன்பது சகோதரியர் செய்தி பிற்காலத்தில் வளர்ந்தது. எனினும் வணக்கம் கட்டுக்கதையன்று. தென்மேற்குப் பிரான்சில் ஆதூர் ஆற்றங்கரையிலுள்ள ஏர் நகரில் அவள் பெயர் தாங்கிய கோயில் நிற்கிறது. அதனுள் நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சிற்ப வேலைப்பாடுள்ள பளிங்குக் கல்லறைப் பெட்டி ஒன்று காக்கப்படுகிறது. அக்கோயில் 1998 இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுள் சேர்க்கப்பட்டது. கதைக்குச் சான்று குறைவு. அவளை நாடி வந்த மக்களுக்குச் சான்று மிகுதி. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்புவதே பிழை.

1680 இல் இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர், போர்ச்சுகல் மன்னரின் ஆதரவில் இயங்கிய மதுரை மிஷனில் தொண்டாற்றினார். போர்ச்சுகீசியர் போற்றிய ஒரு கன்னியின் வரலாறு அவ்வழியே தமிழகம் வந்தது எனல் பொருந்தும். 3,615 விருத்தங்களில் தேம்பாவணி பாடிய கை, இவளுக்கு மட்டும் ஏன் அம்மானையைத் தேர்ந்தது? அம்மானை மகளிர் காய்களை மேலெறிந்து பிடித்தாடும் விளையாட்டு. அவ்வாட்டத்தின் பாட்டே பின்னர் நெடுங்கதை சொல்லும் எளிய யாப்பாயிற்று. தேம்பாவணியைச் சுவைக்கப் புலமை வேண்டும். அம்மானைக்குச் செவி போதும். பெண்ணின் கதை பெண்கள் வாயில் வழங்கவேண்டும் என முனிவர் எண்ணினார் என்பது என் துணிபு. கித்தேரி என்ற பெயர் இன்றும் தமிழ்க் கத்தோலிக்கரிடையே வழங்கக் காண்கிறோம்.

வட சிலாங்கூர்த் தோட்டங்களில் வாழ்ந்தோருக்கு இவ்வடிவம் புதிதன்று. பால்வெட்டு முடிந்த மாலைகளில், எழுத்தறிந்த ஒருவர் பெரிய எழுத்துப் புத்தகத்தை விரித்து அல்லி கதையையோ நல்லதங்காள் கதையையோ இராகமிட்டு வாசிக்க, லயத்துப் பெண்கள் திண்ணையில் அமர்ந்து கேட்ட காலம் ஒன்று இருந்தது. ஏழு பிள்ளைகளைக் கிணற்றில் எறிந்த நல்லதங்காளுக்காக அழுதவர்கள், ஒன்பது குழந்தைகளை எறிய மறுத்த சீலாவையும் எளிதில் அறிந்துகொள்வர். வகுப்பில் இவ்விரு கதைகளையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பார்க்கலாம். கித்தேரியைவிடச் சீலாவே மாணவர் மனத்தில் முதலில் நிற்பாள் என எண்ணுகிறேன். விடியுமுன் பிரட்டுக்களத்திற்கு விரைந்த தாய்மார், தம் குழந்தைகளை ஆயாக்கொட்டகையில் வேறொருத்தியின் கையில் கொடுத்துச் சென்றதை அவர்களின் பாட்டிமார் இன்னும் மறக்கவில்லை.