அடைபட்ட இரு குழாய்கள்

உணவுக்குழாய் அடைப்பு, பித்தநாள அடைப்பு இரண்டும் பச்சிளங்குழந்தைகளைத் தாக்கும் அரிய குறைகள். முதலாவது ஏறத்தாழ மூவாயிரம், நாலாயிரம் பிறப்புகளில் ஒன்று. இரண்டாவது அதைவிட அரிது. இரண்டுக்கும் அறுவை சிகிச்சை உண்டு. ஆனால் ஒன்று பிறந்த அன்றே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். மற்றது வாரக்கணக்கில் ஒளிந்திருக்கும்.

உணவுக்குழாய் அடைபட்ட குழந்தையின் வாயில் எச்சில் நுரைத்துக்கொண்டே இருக்கும். முதல் வாய்ப் பாலுக்கே புரையேறி உடல் நீலம் பாரிக்கும். மருத்துவர் வாய்வழியே செலுத்தும் டியூப் சுமார் பத்து சென்டிமீட்டரில் நின்றுவிடும். அது மேலே சுருண்டு கிடப்பதை எக்ஸ்ரே காட்டும். வயிற்றில் காற்று தெரிந்தால், குழாயின் கீழ்ப்பகுதி மூச்சுக்குழலோடு ஒட்டியிருக்கிறது என்று பொருள். பெரும்பாலான குழந்தைகளுக்கு இப்படித்தான். ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயம், சிறுநீரகம், முதுகெலும்பு போன்றவற்றிலும் குறை இருக்கும் என்பதால் அவற்றையும் சோதிப்பார்கள். பிறகு மார்பைத் திறந்து, தவறான இணைப்பை மூடி, இரு முனைகளையும் சேர்த்துத் தைப்பார்கள். 1941-இல் அமெரிக்காவின் ஆன் ஆர்பரில் கேமரன் ஹைட் இதை ஒரே அறுவையில் செய்து முதல் வெற்றி கண்டார். அதுவரை இக்குறையோடு பிறந்தவர்களில் கிட்டத்தட்ட எல்லோரும் இறந்தார்கள். இன்று நல்ல எடையோடு, இதயக் குறை இல்லாமல் பிறந்தவர்களில் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள்.

பித்தநாளம் அடைபட்ட குழந்தையோ நன்றாகப் பால் குடிக்கும், சிரிக்கும். கண்ணில் மட்டும் மஞ்சள். பிறந்த குழந்தைகளில் பாதிக்கு மேல் மஞ்சள் காமாலை வந்து தானே போவதால், "காலை வெயிலில் காட்டு, சரியாகிவிடும்" என்கிறார்கள் வீட்டுப் பெரியவர்கள். பெரும்பாலும் அப்படியே சரியாகியும் விடுகிறது. அந்த அனுபவமே இங்கே ஆபத்தாகிறது. பித்தநாள அடைப்பால் வரும் இந்தக் காமாலையில் இரத்தத்தில் ஏறுவது, பித்தத்தோடு வெளியேற வேண்டிய நேரடி பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி. அதை எந்த ஒளியும் குறைக்காது. பித்தம் குடலுக்கு வராததால் மலம் வெளிறும், சிறுநீர் துணியில் மஞ்சள் கறை விடும், கல்லீரல் நாளுக்கு நாள் தழும்பேறும். ஸ்கேனும் கல்லீரல் திசுச் சோதனையும் சந்தேகத்தை வலுப்படுத்தும். அறுவை மேசையில் பித்தநாளத்தில் சாயம் செலுத்தி எடுக்கும் படமே முடிவைச் சொல்லும்.

ஜப்பானின் சென்டாய் நகரில் மோரியோ கசாய் 1950-களில் வகுத்த முறையே இன்றும் முதல் சிகிச்சை. தழும்பான நாளத்தை அகற்றி, குடலின் ஒரு பகுதியைக் கல்லீரலின் வாயிலிலேயே இணைப்பது அது. அறுபது நாளுக்குள் செய்தால் பித்தம் ஓடும் வாய்ப்பு அதிகம். தாமதிக்கத் தாமதிக்க அது குறைகிறது. உரிய நேரத்தில் செய்தாலும் பலருக்குப் பின்னாளில் கல்லீரல் மாற்று தேவைப்படும்.

முதல் குறையில் குழந்தையின் விதி மருத்துவமனையின் திறமையைப் பொறுத்தது. இரண்டாவதில் அது பெரிதும் வீட்டைப் பொறுத்தது என்பேன். தைவான் இதைப் புரிந்துகொண்டு, 2004 முதல் நாடு முழுதும் தாய்மாருக்கு, குழந்தையின் மலத்தை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான மல நிற அட்டை கொடுத்துவருகிறது. நம் ஊரில் 45-ஆம் நாள் தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கிச் செல்லாத தாய் அரிது. அன்றும் அறுபது நாள் கடந்திருக்காது. ஊசி போடுபவர் மலத்தின் நிறத்தை ஒரு வார்த்தை கேட்கலாமே!

அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம். பதினான்கு நாளுக்குப் பிறகும் மஞ்சள் நீடித்தாலோ, எந்த நாளிலும் மலம் வெளிறிப்போனாலோ, குழந்தையை மருத்துவரிடம் கொண்டுபோய் நேரடி பிலிருபின் சோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள்.