71-வது சுற்றில் என்ன ஆச்சு?

1952, மே 30. அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரம். உலகப் புகழ்பெற்ற 500 மைல் கார் பந்தயம். மொத்தம் 200 சுற்றுகள், ஒரு சுற்றுக்கு இரண்டரை மைல். 33 கார்கள் உறுமிக்கொண்டு நிற்கின்றன. தகுதிச் சுற்றில் மணிக்கு 138 மைல் வேகம் (சுமார் 222 கிலோமீட்டர்!) காட்டி, முதல் வரிசையின் முதல் இடத்தைப் பிடித்து நிற்கும் காரைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். மற்ற கார்களின் உயரம்கூட இல்லை. தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கிறது. அதற்குள் இருப்பது... டீசல் எஞ்சின்!

ஆமாம், டீசல்தான். லாரிக்கும் டிராக்டருக்கும் போடுகிற அதே சங்கதி. 'கம்மின்ஸ் டீசல் ஸ்பெஷல்' என்று பெயர். ஓட்டியவர் ஃப்ரெட் அகபாஷியன். ஆறு சிலிண்டர்கள், 6.6 லிட்டர். காரைத் தாழ்வாக்குவதற்காக எஞ்சினையே பக்கவாட்டில் படுக்க வைத்திருந்தார்கள். கூடவே, இண்டியானாபொலிஸ் அதுவரை பார்த்திராத ஒரு கருவியும் இருந்தது. டர்போசார்ஜர்.

பந்தயம் தொடங்கியது. கனமான கார் என்பதால் முதலிலேயே பாயவில்லை. மற்றவர்கள் முந்திக்கொண்டார்கள். பரவாயில்லை, 500 மைல் இருக்கிறதே! ஆனால், போகப் போக எஞ்சினுக்கு என்னவோ ஆனது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் பழைய இழுவை இல்லை. 71 சுற்றுகள் முடிந்தபோது அகபாஷியனின் பந்தயமும் முடிந்துவிட்டது.

எஞ்சினைத் திறந்து பார்த்தார்கள். பிஸ்டன் உடைந்திருக்கும் என்றோ, பம்ப் போயிருக்கும் என்றோ நீங்கள் நினைத்தால், அதெல்லாம் இல்லை. பின்னே என்னதான் கோளாறு?

சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு சின்ன சுற்றுலா போய்விட்டு வந்துவிடலாம். வந்தால்தான் விடை புரியும்!

*

எஞ்சின் எதைக் குடிக்கிறது என்று கேட்டால் எல்லோரும் 'டீசல்' என்போம். பாதி உண்மைதான். ஒரு லிட்டர் டீசல் முழுசாக எரிய எவ்வளவு காற்று வேண்டும் தெரியுமா? சுமார் 10,000 லிட்டர்! அதாவது, எஞ்சின் என்பது முக்கியமாகக் காற்று குடிக்கிற பிராணி. டீசல் தொட்டுக்கொள்ள ஊறுகாய் மாதிரி. காற்று குறைந்தால், எத்தனை டீசல் ஊற்றினாலும் அது எரியாது. கரும்புகையாகப் பின்னால் வந்து விழும்.

ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மானியர் தன் எஞ்சினுக்கு 1892-ல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். மறு வருடம் ஆக்ஸ்பர்க் நகரில் நடந்த முதல் பரிசோதனையில் அளவுமானி வெடித்துச் சிதறி, மனுஷர் தப்பியதே பெரிய விஷயம். 1897-ல் ஜெயித்தார். எரிபொருளின் சக்தியில் 26 சதவிகிதத்தை வேலையாக மாற்றிக் காட்டியது அவர் எஞ்சின். அன்றைய நீராவி எஞ்சின்கள் எட்டிப் பிடிக்க முடியாத அளவு அது. ஆனால், மிச்சம் 74 சதவிகிதம்? அதில் ஒரு பங்கு புகைக்குழாய் வழியாகச் சூடாக வெளியேறி வீணாகிக்கொண்டிருந்தது.

இந்த 'வீணாப்போற' சமாசாரத்தைப் பார்த்து மனம் பொறுக்காதவர் ஸ்விட்சர்லாந்து எஞ்சினீயர் ஆல்ஃப்ரெட் ப்யூஷி. 1905-ல் அவர் காப்புரிமை வாங்கிய ஐடியா இதுதான்: வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சக்கரத்தைச் சுழல விடு. அதே அச்சின் மறுமுனையில் இன்னொரு சக்கரத்தை மாட்டு. அது வெளிக்காற்றை உறிஞ்சி, அமுக்கி, எஞ்சினுக்குள் திணிக்கட்டும். அதாவது, எஞ்சின் விடும் மூச்சைக் கொண்டே அதற்கு இன்னும் பெரிய மூச்சை இழுத்துக் கொடுப்பது!

சொல்வது சுலபம். செய்து காட்ட ப்யூஷிக்கு இருபது வருடம் ஆயிற்று. 1920-களின் நடுவில் இரண்டு ஜெர்மன் பயணிகள் கப்பல்களின் டீசல் எஞ்சின்களில் டர்போ ஏறியது. 1,750 குதிரைசக்தி கொடுத்த எஞ்சின், 2,500 கொடுத்தது. அதே பத்து சிலிண்டர். கூடுதலாகக் கிடைத்ததெல்லாம் காற்றுதான்.

ப்யூஷி கப்பலோடு மல்லுக்கட்டுவதற்கு முன்பே, இதே காற்றுப் பிரச்னை வேறொரு இடத்தில் உயிர்ப் பிரச்னையாக ஆகியிருந்தது. வானத்தில்! முதல் உலகப் போர் விமானங்கள் மேலே போகப் போக, காற்று மெலிந்து, எஞ்சின்கள் சோர்ந்துபோயின. அது பெட்ரோல் எஞ்சின்தான். இருந்தாலும் மூச்சு எல்லோருக்கும் பொதுதானே! எதிரியைவிட ஆயிரம் அடி மேலே பறப்பவன் பிழைப்பான். கீழே இருப்பவன் குறி. அவ்வளவுதான் கணக்கு.

1918-ல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் எஞ்சினீயர் சான்ஃபோர்ட் மாஸ் ஒரு காரியம் செய்தார். 'லிபர்ட்டி' என்ற விமான எஞ்சினை ஒரு டிரக்கில் ஏற்றி, கொலராடோ மாநிலத்தில் 14,000 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் பைக்ஸ் பீக் மலையுச்சிக்குக் கொண்டுபோனார். டேட்டன் நகரில் 350 குதிரைசக்தி கொடுத்த அதே எஞ்சின், மலை உச்சியில் 230-தான் கொடுத்தது. எஞ்சினில் எந்தக் கோளாறும் இல்லை. மூச்சுத் திணறல், அவ்வளவே. பிறகு டர்போவை மாட்டினார் மாஸ். 356!

எத்தனை சுத்தமான பரிசோதனை பாருங்கள். எஞ்சினை மாற்றவில்லை, எரிபொருளை மாற்றவில்லை. காற்றை மட்டும் மாற்றினார்.

இதற்கு ஒரு திகில் கிளைமாக்ஸ் உண்டு. 1920, பிப்ரவரி 27. மேஜர் ருடால்ஃப் ஷ்ரோடர், டர்போ பொருத்திய விமானத்தில் டேட்டனிலிருந்து கிளம்பி, 33,000 அடிக்கும் மேலே போனார். உலக சாதனை! எஞ்சின் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் மேஜருக்கு ஆக்ஸிஜன் தீர்ந்துவிட்டது. கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்க்க முயன்றார். உறைய வைக்கும் குளிரில் கண்கள் உறைந்தன. நினைவு போயிற்று. விமானம் மைல் கணக்கில் தலைகீழாகச் சரிந்தது. தரை நெருங்கும்போது எப்படியோ நினைவு திரும்பி, பாதிப் பார்வையோடு தரையிறக்கி உயிர் பிழைத்தார். எஞ்சினுக்கு மூச்சுக் கொடுக்கத் தெரிந்துகொண்ட மனிதன், தன் மூச்சைப் பற்றி இன்னும் சரியாக யோசித்திருக்கவில்லை!

*

இப்போது இண்டியானாபொலிஸுக்குத் திரும்புவோம். 71-வது சுற்று. இனி நீங்களே சொல்லிவிடுவீர்கள். கோளாறு எஞ்சினில் இல்லை, மூச்சில்!

அந்தக் காரில் டர்போவுக்குக் காற்று போகும் வழி முன்பக்கம், தரைக்கு மிக அருகில் இருந்தது. 33 கார்கள் ஓடுகிற பாதை. டயர் தேய்ந்து ரப்பர் துணுக்குகள் பறக்கின்றன. தூசு வேறு. டர்போதான் உறிஞ்சுவதில் சூரனாச்சே! அத்தனையையும் இழுத்து இழுத்து, கடைசியில் தன் தொண்டையையே அடைத்துக்கொண்டுவிட்டது. வருடக்கணக்கில் உழைத்து உருவாக்கிய எஞ்சினை வீழ்த்தியது, கையில் அள்ளினால் பிடிபடுகிற குப்பை.

இந்தக் கம்பெனியை ஆரம்பித்த கிளெஸி கம்மின்ஸ், ஒரு பாங்க் முதலாளியிடம் கார் டிரைவராக, மெக்கானிக்காக இருந்தவர். அந்த முதலாளி பணம் போட, 1919-ல் இண்டியானா மாநிலத்தின் கொலம்பஸ் என்கிற சின்ன ஊரில் கம்பெனி தொடங்கியது. 1931-ல் இதே பந்தயத்தில் ஒரு கம்மின்ஸ் டீசல் கார், 500 மைலையும் எரிபொருளுக்காக ஒரு தடவைகூட நிற்காமல் ஓடிமுடித்து 13-வதாக வந்தது. அதில் டர்போ கிடையாது, வேகமும் கம்மிதான். ஆனால் கடைசிவரை ஓடியது. 1952-ல் வேகம் இருந்தது, மூச்சு நிலைக்கவில்லை. அதற்குப் பிறகு இண்டியானாபொலிஸ் 500-ல் எந்த டீசல் காரும் ஓடவே இல்லை!

டர்போ டீசல் மட்டும் சாகவில்லை. 1978-ல் மெர்சிடிஸ் பென்ஸ் அதைப் பயணிகள் காரில் கொண்டுவந்தது. 1989 மாடலாக, அமெரிக்காவின் டாட்ஜ் பிக்கப் டிரக்கில் 5.9 லிட்டர் கம்மின்ஸ் டர்போ டீசல் ஏறியது. சக்தி வெறும் 160 குதிரைதான். ஆனால் இழுவை பிரமாதம்! விவசாயிகளும் கட்டட வேலைக்காரர்களும் டிரெய்லர் இழுப்பவர்களும் கொண்டாடினார்கள். 2006-ல் பிரான்ஸின் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தையே ஒரு ஆடி டர்போ டீசல் கார் ஜெயித்தது. டீசல் கார் அங்கே ஜெயித்தது அதுதான் முதல் தடவை.

*

'இந்தப் பழங்கதையால் எனக்கென்ன?' என்கிறீர்களா? இருக்கிறது.

உங்கள் டர்போ டீசல் பிக்கப் ஒருநாள் மேட்டில் ஏற மறுக்கிறது. பாதி லோடுக்கே முனகுகிறது. ஒர்க்‌ஷாப் வாசலில் நிறுத்தியதும் வண்டியைத் தொடாமலே, 'டர்போ போச்சு சார், மாத்திடணும்' என்று யாராவது சொன்னால், உடனே தலையாட்டாதீர்கள். 71-வது சுற்றை நினைத்துக்கொள்ளுங்கள். காற்று வரும் வழியை முனையிலிருந்து விசாரிக்கச் சொல்லுங்கள்.

முதலில் ஏர் ஃபில்டர். அதுதான் அந்த ரேஸ் காரின் தொண்டை. அடுத்து, டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும் அங்கிருந்து எஞ்சினுக்கும் போகிற ரப்பர் ஹோஸ்கள். ஒரு விரிசல் போதும், அமுக்கிய காற்றெல்லாம் வெளியே போய்விடும். ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போது 'உஸ்ஸ்' சத்தம் கேட்கிறதா? ஹோஸ் மூட்டில் புதிதாக எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா? அதுதான் ஆசாமி! பிறகு வேஸ்ட்கேட். டர்போ அளவு மீறிச் சுழலாமல் புகையைத் திருப்பிவிடும் கதவு. அது திறந்தபடி மாட்டிக்கொண்டால், டர்போ நன்றாக இருந்தும் சோம்பேறியாகும். வெளிப்பக்கத்தையும் மறக்கக் கூடாது. புகை போகும் வழி கரி பிடித்து அடைத்தாலும் இதே கதைதான். மூச்சை விட முடியாதவன் இழுக்கவும் முடியாது.

புகையே பாதி ஜாதகத்தைச் சொல்லிவிடும். கருப்புப் புகை என்றால், டீசல் இருக்கிறது, காற்று போதவில்லை. நீலம் என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. புகையும் இல்லை, இழுவையும் இல்லை என்றால் டீசல் ஃபில்டரையும் பார்க்கச் சொல்லுங்கள். பட்டினி அங்கேயும் இருக்கலாம். ஒரு எச்சரிக்கை: புதிய வண்டிகளில் கம்ப்யூட்டர், காற்று குறைந்தால் தானே டீசலையும் குறைத்துவிடும். புகையை வடிகட்டி வேறு பிடித்துக்கொள்ளும். அதனால் கண்ணை மட்டும் நம்பாமல், டர்போ எவ்வளவு அழுத்தம் கொடுக்கிறது என்று அளந்து பார்ப்பதுதான் நியாயம். மாஸ் மலையுச்சியில் செய்தது அதைத்தானே? ஊகிக்கவில்லை, அளந்தார்!

சரி, டர்போவே போயிருந்தால்? அப்போதும் 'ஏன் போச்சு?' என்று கேட்டே தீர வேண்டும். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிற அச்சு அது. மெல்லிய ஆயில் படலத்தில் மிதக்கிறது. ஆயில் வரும் குழாயில் அடைப்பு இருந்து, அதைச் சரிசெய்யாமல் புது டர்போ மாட்டினால், அதுவும் சீக்கிரமே காலி. பணம் இரண்டு தடவை போகும்.

பணத்தோடு போனால் பரவாயில்லையே. டர்போவின் சீல் கிழிந்து ஆயில் உள்ளே கசிந்தால், டீசல் எஞ்சின் அந்த ஆயிலையே குடித்து எரியத் தொடங்கும். வேகம் தானாக ஏறும். சாவியைத் திருப்பி அணைத்தாலும் நிற்காது! 'ரன் அவே' என்பார்கள். கியர் வண்டியென்றால், பிரேக்கை அழுத்திப் பிடித்து, டாப் கியர் போட்டு, கிளட்சை விட்டு எஞ்சினைத் திணறடித்து நிறுத்தப் பார்ப்பார்கள். கை மீறிவிட்டால், இறங்கி விலகி நிற்பதுதான் உயிருக்கு நல்லது. அந்த எஞ்சினை நிறுத்துகிற நிச்சயமான வழி ஒன்றே ஒன்று. காற்றை அடைப்பது. கடைசியில் அங்கேயும் மூச்சுதான்!

அதனால்தான், ஒர்க்‌ஷாப்பில் 'எதை மாத்தணும்?' என்று முதலில் கேட்பவரைவிட, 'எங்கே அடைச்சிருக்கு?' என்று கேட்பவரை நம்புங்கள். 1952-ல் கம்மின்ஸ் ஆட்களின் கையில் அந்த ரப்பர் துணுக்குகள் வந்து சேர்ந்தபோது, பந்தயத்தில் 129 சுற்றுகள் மிச்சம் இருந்தன. உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. அடுத்த மேடு வருவதற்குள் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்துவிடுங்களேன்!