புகைப் பானையும் கடப்பாரையும்

சம்பா அறுப்பு முடிந்த வயலில், களத்துக்கு வந்து சேராத நெல் கொஞ்சம் மண்ணுக்கு அடியில் கிடக்கும். வயல் எலிகள் கதிர்களைக் கத்தரித்து, வளைக்குள் இழுத்துப் போய்ச் சேர்த்து வைத்த நெல் அது. வரப்பில் ஈர மண் புதிதாகத் தள்ளப்பட்டிருப்பதைப் பார்த்தே, உள்ளே எலி இருக்கிறதா, வளை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று இருளர் பழங்குடியினர் சொல்லிவிடுவார்கள். வளைக்கு வாசல் பல. தப்பி ஓடுவதற்கென்று மெல்லிய மண்மூடியோடு விட்டுவைத்த வாசல்களும் அவற்றில் உண்டு. எல்லாவற்றையும் தேடி அடைத்துவிட்டு, ஒரே ஒரு வாசலில் மண்பானையைக் கவிழ்த்து வைப்பார்கள். பானைக்குள் வைக்கோலும் சருகும் புகையும். பானையின் அடியில் ஒரு சிறு துளை. அந்தத் துளையில் வாய் வைத்து ஊத வேண்டும்.

ஊத ஊதப் புகை வளைக்குள் போகும். ஊதுகிறவர் மூச்சு எடுக்கும்போது அதே புகை திரும்பி அவர் நெஞ்சுக்குள்ளும் போகும். எலிகள் மயங்கியபின் கடப்பாரையால் வளையைப் பிளந்து, எலியையும் நெல்லையும் எடுப்பார்கள். எலி கறியாகும், நெல் அடுப்புக்குப் போகும். சூடேறிய பானை உதட்டையும் விரலையும் சுடும், கண் எரியும். ஆண்டுக்கணக்கில் இதைச் செய்தவர்களுக்கு இருமலும் மூச்சிரைப்பும் கூடவே வந்தன.

இந்தப் பானை புழங்கிய ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதியைப் பற்றி இன்று எழுதுகிறவர்கள் இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் முதல் ஹூண்டாய் கார் உருண்டு வெளியே வந்ததிலிருந்து கதையைத் தொடங்குவார்கள். அடுத்து 2006-ல் திறந்து 2014-ல் மூடிய நோக்கியா ஆலை, பிறகு ஒரகடத்தில் ரெனோ நிசான், டைம்லர், ராயல் என்ஃபீல்டு. அதற்கும் பின்னால் போகிறவர்கள் ராமானுஜர் பிறந்த ஊர் என்பார்கள். இரண்டும் உண்மைதான். ஆனால் முதல் ஆலைக்கும் முதல் கோயிலுக்கும் வெகு காலம் முன்பே இந்தச் செம்மண் மேடுகளிலும் புதர்க்காடுகளிலும் வேட்டை என்ற தொழில் நடந்துகொண்டிருந்தது. அதற்கென்று கருவிகளும் இருந்தன.

அந்தக் கருவிகளில் மிகப் பழையதை உலகுக்குக் காட்டியவர் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்த ராபர்ட் புரூஸ் ஃபூட். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் சரளைக் கல் தோண்டிய குழி ஒன்றில், மனிதக் கை செதுக்கிய ஒரு கல்லை அவர் கண்டெடுத்தார். இந்தியாவில் கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்குக் கிடைத்த முதல் உறுதியான சான்று அது. பல்லாவரத்திலிருந்து ஒரகடம் ஒரு நாள் நடைத் தொலைவுதான். அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங்கோடு சேர்ந்து கொசத்தலை ஆற்றுப் படுகைக்குப் போன ஃபூட், அத்திரம்பாக்கத்தில் கைக்கோடரிகளைக் கண்டார். ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தின் பாறை அடுக்குகளை ஆராய்ந்தவரும் அவர்தான். டைனோசர் காலத்துச் செடிகளின் இலைப் பதிவுகள் கொண்ட அந்த அடுக்குகள் இந்த ஊரின் பெயராலேயே புவியியல் நூல்களில் வழங்குகின்றன.

அத்திரம்பாக்கத்தில் தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் பல ஆண்டுகள் அகழாய்வு செய்து, அங்குள்ள கைக்கோடரிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுப் பழமையானவை என்று 2011-ல் அறிவித்தார்கள். ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே பெரிய கோடரிகள் குறைந்து, திட்டமிட்டுப் பெயர்த்த சிறிய கூர்ச்செதில்கள் பெருகின என்று 2018-ல் அதே குழு காட்டியது. உள்ளங்கை நிறையப் பிடிக்க வேண்டிய கல், விரல்களால் பிடிக்கும் செதிலாகச் சிறுத்ததை வேட்டைக் கருவியின் முதல் பெரிய மாற்றம் என்று சொல்லலாம்.

கல்லுக்கும் பானைக்கும் நடுவில் வலையின் காலம் மிக நீளமானது. சோழ மண்டலக் கரையோரச் சமவெளி முழுவதும் வெளிமான் மேய்ந்த நிலம். முறுக்கிய கொம்புள்ள அந்த மான் அடர்காட்டில் வாழ்வதில்லை. புல்வெளியும் குறும்புதரும்தான் அதன் வீடு. கிண்டிப் பூங்காவில் இன்று மிஞ்சியிருப்பவற்றைப் பார்த்தால், ஒரு காலத்தில் தாம்பரத்துக்கு அப்பாலும் இவை திரிந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கலாம். ஓட்டத்தில் அதை முந்த ஆளால் முடியாது. ஆகவே ஒரு பக்கம் வலை கட்டி, மறுபக்கத்திலிருந்து ஆட்களும் நாய்களும் விரட்டும் முறையே தமிழகச் சமவெளிகளில் மானுக்கும் முயலுக்கும் பொதுவாக இருந்தது. சங்கப் பாடல்களில் வலையும் நாயும் கொண்ட வேட்டுவர்களைப் பலமுறை சந்திக்கலாம். செங்கல்பட்டு, ஆற்காடு வட்டாரங்களில் இருளர்களுக்கு வில்லியர் என்ற பெயரும் வழங்கியதை இனவரைவியலாளர் எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியான தம் தொகுப்பில் பதிவு செய்திருக்கிறார். நரிக்குறவர்களிடம் வலையும் கண்ணியும் போக, மருந்து கெட்டித்துச் சுடும் நாட்டுத் துப்பாக்கியும் இருந்தது. மருந்தின் அளவு கொஞ்சம் தப்பினாலும் குழல் பிளந்து சுடுகிறவரின் கையையே கிழித்துவிடும் துப்பாக்கி அது.

பிறகு சட்டங்கள் வந்தன. 1878-ன் ஆயுதச் சட்டம் துப்பாக்கிக்கு உரிமம் கேட்டது. 1882-ன் சென்னை வனச் சட்டம் காடுகளைக் காப்புக்காடுகள் ஆக்கியது. வெள்ளைக்கார அதிகாரிக்கு மான் வேட்டை விடுமுறைப் பொழுதுபோக்கு. இருளருக்கு அது அன்றைய சோறு. அதிகாரி உரிமம் வாங்கி, பூட்ஸ் போட்டு, கொய்னா மாத்திரையைப் பெட்டியில் வைத்துக்கொண்டு காட்டுக்குள் போனார். வெளியில் வேலை செய்கிறவனின் உடல்நலம் என்ற எண்ணமே அந்தக் காலத்தில் துப்பாக்கி வைத்திருந்தவரோடு நின்றுவிட்டது. அவருக்கு வழிகாட்டிப் போனவருக்கு வெறுங்கால்.

வேட்டைக்கு முடிவு கட்டத் தொடங்கியது 1972-ன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். வெளிமானுக்கு அதில் உச்சப் பாதுகாப்பு கிடைத்தது. அது தேவைப்பட்ட சட்டம் என்பதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. அந்தச் சட்டம் வராமல் இருந்திருந்தால் இன்று காட்டுவதற்கு வெளிமான் மிஞ்சியிருக்குமா என்பது சந்தேகம். பாம்புத் தோல் வணிகமும் நின்றது. இருளர்களில் பலர் அதுவரை பாம்பைப் பிடித்துத் தோல் வியாபாரிகளிடம் விற்று வாழ்ந்தவர்கள். பைகளுக்கும் காலணிகளுக்கும் அந்தத் தோல் லட்சக்கணக்கில் கப்பல் ஏறிக்கொண்டிருந்தது. எல்லாக் கதவும் மூடியபோது சட்டம் திறந்து வைத்திருந்தது ஒன்றுதான். தீங்குயிர்கள் என்று ஐந்தாம் அட்டவணை சொன்ன பட்டியலில் எலி இருந்தது.

அப்படித்தான் வேட்டையாடியவர்களின் கையில் பானை மட்டும் மிஞ்சியது. எலி பிடிப்பவர் விவசாயிக்கு நஞ்சில்லாத பூச்சிமருந்துபோல் பயன்பட்டார். வளையைப் பிளந்து எடுத்த நெல்லே பல இடங்களில் கூலியாக இருந்தது. ஆனால் அந்த வேலை உடம்பிடம் கேட்ட விலை பெரிது. எலியின் சிறுநீர் கலந்த வயல் நீர், காலில் உள்ள சிறு வெட்டு வழியாகவே எலிக்காய்ச்சலைக் கொடுக்கும். சென்னையும் சுற்று வட்டாரமும் அந்த நோய்க்குப் பேர்போனவை. புதரோரத்தில் கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடித்து உண்ணிக் காய்ச்சல் வரும். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் பலருக்கு ஒரு கருந்தழும்பு இருக்கும். அதைத் தேடிப் பார்க்கும் மருத்துவர் கையில் கிடைத்தால் சில நாள் மாத்திரையில் சரியாகிவிடும், தவறவிட்டால் உயிரைக் கொண்டுபோகும். வளைக்குள் எலி இருந்தால் அதைத் தேடி வந்த பாம்பும் இருக்கலாம். இத்தனைக்கும் எதிராக எலி பிடிப்பவரிடம் இருந்தது அனுபவம் ஒன்றுதான்.

பானையை மாற்றிய கதை எளிமையானது. பின்தங்கிய மக்களுக்காகச் சென்னையில் இயங்கிய ஒரு தொண்டு நிறுவனத்தைச் சேர்ந்த சேது சேதுநாராயணன், எஃகில் ஒரு புகைக் கருவியை முன்வைத்தார். ஊதுவதற்கு வாய் வேண்டாம். கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே இருக்கும் விசிறி புகையை வளைக்குள் தள்ளும். 2003-ல் உலக வங்கியின் புத்தாக்கப் போட்டியில் இந்தத் திட்டம் நிதி பெற்றது. இருளர் குடும்பங்களுக்குக் கருவி தருவது அதன் நோக்கம். அடுத்த ஆண்டு ரோலெக்ஸ் விருதும் அவருக்குக் கிடைத்தது. அந்தக் கருவியில் புதிய விஞ்ஞானம் எதுவும் கிடையாது. விசிறியும் கைப்பிடியும் கொல்லன் பட்டறையில் நூறு ஆண்டுகளுக்கு முன்பே இருந்தவை. அவற்றை எலி வளைக்குக் கொண்டுவர இருபத்தோராம் நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது. ஒரு சில கிலோமீட்டர் தள்ளி, மணிக்கு இத்தனை வண்டி என்று கார் ஆலை பொருத்திக்கொண்டிருந்த காலம் அது. அந்த ஆலைக்குள் பற்றவைக்கும் தொழிலாளிக்குப் பாதுகாப்புக் கண்ணாடி தர வேண்டும் என்று 1948-ன் தொழிற்சாலைச் சட்டம் கட்டாயப்படுத்தியது. மதிலுக்கு வெளியே புகை ஊதியவரை எந்தச் சட்டமும் தொழிலாளி என்று எண்ணிப் பார்க்கவில்லை. இந்த வட்டாரத்தின் வரலாற்றில் மனதை மிகவும் வருத்தும் இடம் இதுதான்.

பாம்பின் கதை வேறு விதமாகத் திரும்பியது. சேலையூரில் சிறிதாகத் தொடங்கிக் கிண்டியில் பாம்புப் பண்ணை அமைத்த ரோமுலஸ் விட்டேக்கர், இருளர்களோடு காட்டில் அலைந்து தொழில் கற்றவர். அவர்களுடைய அறிவு தோலுக்காக அல்லாமல் உயிருக்காகப் பயன்படலாம் என்ற எண்ணத்தில், 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் பதிவானது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில், முதலைப் பண்ணை வளாகத்துக்குள் அது இயங்குகிறது. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் வனத்துறை உரிமத்தோடு உறுப்பினர்கள் பிடித்து வருவார்கள். பாதி மணல் நிரப்பி, வாயில் பருத்தித் துணி கட்டிய மண்பானைகளில் அவை தங்கும். வாரம் ஒருமுறையாக நான்கு முறை விஷம் எடுத்தபின், வயிற்றுச் செதிலில் அடையாள வெட்டு வைத்து மீண்டும் காட்டில் விடுவார்கள். அடையாளம் உள்ள பாம்பு மறுபடி சிக்கினால் உடனே விட்டுவிடுவார்கள். இந்தியாவில் பாம்புக்கடிக்கு மருந்து செய்யும் ஆலைகள் குதிரைக்குச் செலுத்தும் விஷத்தில் பெரும்பகுதி நெடுங்காலமாக இந்தப் பானைகளிலிருந்துதான் போகிறது.

நாட்டில் பாம்புக்கடியால் ஆண்டுக்கு ஏறத்தாழ 58,000 பேர் இறப்பதாக 2020-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. இறப்பவர்களில் பெரும்பாலோர் கிராமத்தில், வயலிலும் வீட்டோரத்திலும் கடிபட்டவர்கள். அவர்களைக் காக்கும் மருந்தின் முதல் கை, இருளரின் கை. அந்தக் கையில் இருக்கும் கருவிகளோ மெல்லிய கடப்பாரை, ஒரு குச்சி, துணிப்பை.

2017-ல் இருளர்களான மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரும் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போனார்கள். அங்கே எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் பர்மிய மலைப்பாம்புகள் பெருகி உள்ளூர் விலங்குகளைத் தின்று தீர்த்துக்கொண்டிருந்தன. பூட்ஸும் வாகனமும் விளக்கும் வைத்துக்கொண்டு அந்நாட்டு வேட்டைக்காரர்கள் தேடியும் அகப்படாதவற்றை, புல்லை விலக்கித் தடம் பார்த்து இவர்கள் பிடித்தார்கள். முதல் இரண்டு வாரத்திலேயே 13 பாம்புகள், அதில் ஒன்று 16 அடிப் பெண் பாம்பு. 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. பள்ளிப் படிப்பு இல்லாத இரண்டு பேரின் கண்ணையும் கையையும் நாடு மதித்த நாள் என்று அதை மகிழ்ந்து நினைக்கலாம்.

இதற்கிடையில் வயல்கள் மனைகளாயின. ஏரிக்கரையில் பட்டா இல்லாமல் குடிசை போட்டிருந்தவர்கள் செங்கல் சூளைக்கும் அரிசி ஆலைக்கும் முன்பணம் வாங்கிக்கொண்டு போய்க் கொத்தடிமைகளாகச் சிக்கிய கதைகள் காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில் ஏராளம். மீட்கப்பட்டவர்களில் இருளர்கள் மிகுதி. வெளியில் நடமாடிப் பழகிய உடம்பைச் சூளைப் புகைக்குள் பூட்டியது கொத்தடிமைத்தனம்.

தமிழக அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை, கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்தது. அதன்படி, கடிபட்டு வருகிறவரைப் பற்றி அரசு மருத்துவமனையும் தனியார் மருத்துவமனையும் அறிவித்தாக வேண்டும். அந்தப் பதிவில் ஊரும் வயதும் இருந்தால் போதாது, கடிபட்டவரின் தொழிலும் எழுதப்பட வேண்டும். எலி பிடிக்கும்போதா, நாற்று நடும்போதா, இரவு ஷிப்ட் முடிந்து ஆலையிலிருந்து நடந்து வரும்போதா என்று தெரிந்தால், எந்த ஊருக்கு முதலில் கம்பூட்டும் டார்ச்சும் தர வேண்டும், எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்துக் குப்பிகள் தீராமல் இருக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.