டிரஸர் வழியும் டாக்டர் வழியும்

பகாங் மாநிலத்தின் மேற்கெல்லையில் உயர்ந்து நிற்கும் கேமரன் மலை, 1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் கண்டு குறித்ததால் அப்பெயர் பெற்றது. அதன்பின் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அங்கே குறிப்பிடத்தக்க குடியேற்றம் எதுவும் நிகழவில்லை. பேராக் மாநிலத்துத் தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்குச் செல்லும் மலைச்சாலை 1931இல்தான் முடிவுற்றது. ஆயினும் அதற்கு இரண்டாண்டுகள் முன்னரே ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிவிட்டார். 1933இல் பாரத் தோட்டம் தோன்றியது. இத்தோட்டங்களில் காடழித்து, செடி நட்டு, கொழுந்து கிள்ளியவர்களில் மிகப் பலர் தமிழர்.

தோட்டத்துக் குழந்தை மரியாதையோடு நிமிர்ந்து பார்த்த மனிதர்கள் சிலரே. துரை எட்டாத உயரத்தில் இருந்தார். அவருக்கு அடுத்தபடியாகக் கிராணியாரும், பள்ளி ஆசிரியரும், டிரஸரும் இருந்தனர். இவர்களுள் டிரஸரையே அக்குழந்தை மருத்துவர் என்று அறிந்தது. உண்மையான டாக்டர் குறித்த நாளில் வண்டியில் வந்து, வரிசையில் நின்றவர்களைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். நள்ளிரவில் லயத்திலிருந்து கதவைத் தட்டினால் எழுந்து வருபவர் டிரஸரே. கவ்வாத்துக் கத்தி பட்ட கைக்குக் கட்டுப்போடுவதும், காய்ச்சலுக்கு மருந்து கலந்து கொடுப்பதும், பிள்ளைப்பேற்றில் சிக்கல் நேர்ந்தால் கீழ்நாட்டு ஆஸ்பத்திரிக்கு ஆளை அனுப்பலாமா என்று முடிவு செய்வதும் அவர் பொறுப்பு. டாக்டர் செய்யும் வேலையில் பெரும்பகுதியைச் செய்த அவர் ஏன் டாக்டர் ஆகவில்லை? ஆக விரும்பியிருந்தால் வழி இருந்ததா? மதிப்பெண் குறைந்த மாணவன் மருத்துவக் கல்லூரிக்கு எவ்வழியே செல்வது என்று இன்று கேட்கப்படும் கேள்வியின் வேர் இங்கேதான் உள்ளது.

மலாயாவில் இவ்விரு வழிகளும் ஒரே கூரையின்கீழ்த் தோன்றியவை என்பது பலர் அறியாத செய்தி. 1904இல் டான் ஜியாக் கிம் என்னும் சீனப் பெருவணிகர், உள்ளூர் மக்களுக்கு மருத்துவப் பள்ளி வேண்டும் என்று அரசுக்கு விண்ணப்பம் அளித்து, பொதுமக்களிடம் 87,077 வெள்ளி திரட்டினார். அதில் 12,000 வெள்ளி அவர் தம் கையிலிருந்தே கொடுத்தது. அடுத்த ஆண்டு சிங்கப்பூரின் சிப்பாய் லைன்ஸ் பகுதியில், பெண்களுக்கான மனநோய் மருத்துவமனையாக முன்பு இருந்த கட்டடத்தில் பள்ளி திறக்கப்பட்டது. முதலில் சேர்ந்தவர் 23 பேர். அவர்களுள் 16 பேர் முழு மருத்துவப் படிப்பிலும், எஞ்சிய 7 பேர் மருத்துவமனை உதவியாளர் படிப்பிலும் சேர்ந்தனர். 1910இல் முதல் மருத்துவர்கள் எழுவர் வெளிவந்தனர். 1916இல் பிரிட்டனின் பொது மருத்துவ மன்றம் அப்பள்ளியின் உரிமச் சான்றை ஏற்றது. அன்றுமுதல் முழுப் படிப்பு முடித்தவர் பேரரசின் மருத்துவப் பதிவேட்டில் இடம் பெறலாயினர். உதவியாளருக்கு அந்தப் பேறு இல்லை. பக்கத்துப் பக்கத்து வகுப்பறையில் தொடங்கிய இரு வாழ்க்கைகள் அதன்பின் சந்திக்கவே இல்லை. டிரஸராக இருபதாண்டு உழைத்தவர் டாக்டராக வேண்டுமானால், பள்ளியிலிருந்து நேரே வந்த பதினெட்டு வயது இளைஞனோடு முதலாண்டு வகுப்பில் உட்கார வேண்டியதுதான். 1965இல் தோட்ட மருத்துவமனை உதவியாளர்களைப் பதிவு செய்யும் சட்டம் வந்தது. அச்சட்டம் அவர்கள் தொழிலுக்குத் தகுதி வரையறுத்தது. மேலே ஏறப் படி எதையும் அமைக்கவில்லை.

மலாயாவின் அலுவலகங்களையும் மருந்தகங்களையும் நிரப்பிய ஆங்கிலம் கற்ற தமிழருள் யாழ்ப்பாணத்தார் பலர். அந்த யாழ்ப்பாணத்திலேயே இதற்கு முன்னர் வேறொரு சோதனை நடந்து முடிந்திருந்தது. 1847இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் மாணவர்களுக்கு மேல்நாட்டு மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தவர், 1864 அளவில் தமிழுக்கு மாறினார். ‘இரண வைத்தியம்’, ‘கெமிஸ்தம்’ முதலிய நூல்கள் இம்முயற்சியில் விளைந்தவை. கலைச்சொல் வரலாறு எழுதுவோர் இவற்றை இன்றும் போற்றுவர். ஆனால் அவர் தமிழுக்கு மாறிய காரணத்தைத் தமிழாசிரியர்கள் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசுப் பணியை நாடி வெளியூர் சென்றுவிட்டனர். தமிழில் படித்தவர்கள் தம் ஊரிலேயே தங்கி மருத்துவம் செய்வர் என்று அவர் கருதினார். ஊருக்கு அது நன்மையே. கற்ற மாணவனுக்கோ அக்கல்வி ஊரெல்லையோடு நின்ற கல்வி. மொழி அங்கே அறிவைத் திறந்தது. அதே வேளையில் அறிந்தவனை ஓரிடத்தில் நிறுத்தியும் வைத்தது. 1870இல் கொழும்பில் மருத்துவப் பள்ளி ஏற்பட்டது. 1873இல் கிறீன் தாயகம் திரும்பினார். மருத்துவம் மீண்டும் ஆங்கிலத்துக்கே சென்றது.

தமிழகத்தில் நடந்தது இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்டது. அங்கே எல்.எம்.பி. என்ற உரிமப் படிப்பு இருந்தது. மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். படிக்க இன்டர்மீடியட் தேற வேண்டும். மருத்துவப் பள்ளியில் எல்.எம்.பி. சேரப் பள்ளியிறுதித் தேர்ச்சி போதும். காலமும் குறைவு, செலவும் குறைவு. இன்டர்மீடியட்டில் இடறியவர்களுக்கும், அதற்குக் கட்டணம் கட்ட இயலாதவர்களுக்கும் அது பெரும் புகலிடம். அப்படிப்பை மட்டமாக எண்ணுவது தவறு. 1918இல் வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் பெண்களுக்கென்று தொடங்கிய மருத்துவப் பள்ளி எல்.எம்.பி. பள்ளியே. 1946இல் வெளிவந்த போர் குழுவின் அறிக்கை, பிரிட்டிஷ் இந்தியாவில் பதிவு பெற்ற மருத்துவர் சுமார் 47,500 பேர் என்றும், அவர்களுள் உரிமப் படிப்பினர் ஏறத்தாழ 30,000 பேர் என்றும் கணக்கிட்டது. மருத்துவர் ஐவரில் மூவர் சிறிய வாயில் வழியே வந்தவர்!

அந்த வாயில் அடைக்கப்பட்டது. 1938இல் சென்னை மாகாண அரசு மருத்துவப் பள்ளிகளைக் கல்லூரித் தரத்துக்கு உயர்த்தப் பணித்தது. இராயபுரத்து ஸ்டான்லி பள்ளி அவ்வாண்டே கல்லூரியாயிற்று. வேலூர்ப் பள்ளி 1942இல்தான் அத்தகுதியை எட்டியது. அதற்காக எழுபது வயது கடந்த ஐடா அம்மையார் அமெரிக்கா சென்று பொருள் திரட்ட நேர்ந்தது. போர் குழுவும் ஒரே வகை மருத்துவரே வேண்டும் என்றது. குழுவில் அறுவர் அதனை மறுத்து, நாட்டில் மருத்துவர் பற்றாக்குறை தீரும்வரை உரிமப் படிப்பு நீடிக்கட்டும் என்று தனிக் குறிப்பு எழுதினர். அவர்கள் கருத்து எடுபடவில்லை. ஆனால் ஒன்று செய்யப்பட்டது: எல்.எம்.பி. முடித்தவர்கள் முழுக் காலமும் திரும்பப் படிக்காமல் சுருக்கப் படிப்பின் மூலம் எம்.பி.பி.எஸ். பெற வழி வகுக்கப்பட்டது. டிரஸருக்குக் கிட்டாதது இதுவே. சிறிய வாயில் என்பதில் இழிவில்லை. அவ்வாயிலுக்குள் நுழைந்தவன் பெரிய மனைக்குள் செல்ல முடியுமா, திண்ணையிலேயே நிற்க வேண்டுமா என்பதே கேள்வி.

இனி மலைக்குத் திரும்புவோம். மலாயா 1957இல் விடுதலை பெற்றது. கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் புலம் 1960களின் தொடக்கத்தில் உருவானபோது, அதன் முதல் தலைவராக அமர்ந்தவர் டி. ஜே. தனராஜ் என்னும் தமிழர். ஆகவே தமிழருக்குத் திறமை இல்லை என்று சொல்ல யாருக்கும் இடமில்லை. குறை ஏணியின் கீழ்ப்படிகளில் இருந்தது. தோட்டத்துப் பள்ளி தொடக்கப் பள்ளியோடு முடிவது. அதன்பின் மாணவன் மொழி மாற வேண்டும். அதற்காகப் புதுமுக வகுப்பில் ஓராண்டு கழிய வேண்டும். 1970 முதல் ஆங்கிலப் பள்ளிகள் வகுப்பு வகுப்பாக மலாய் மொழிக்கு மாறின. 1982 அளவில் இடைநிலைக் கல்வி முழுவதும் மாறிற்று. 1970களில் பல்கலைக்கழக இடங்களுக்கு இன ஒதுக்கீடும் வந்தது. தமிழில் எண்ணக் கற்று, வேறு மொழியில் வேதியியல் தேர்வு எழுதி, குறுகிய ஒதுக்கீட்டுக்குள் போட்டியிட்ட மாணவனின் மதிப்பெண்ணும், நகரத்து மாணவனின் மதிப்பெண்ணும் தாளில் ஒரே எண்ணாகத் தோன்றலாம். இரண்டும் ஒரே உழைப்பைக் குறிப்பன அல்ல. வளைந்து வளைந்து செல்லும் மலைச்சாலையில் தானா ராத்தாப் பள்ளிக்கு நாள்தோறும் சென்று வந்த நேரத்தை எந்த மதிப்பெண் பட்டியலும் காட்டுவதில்லை.

உள்நாட்டில் இடம் கிட்டாதவர் கடல் கடந்தனர். 1953இல் டி. எம். ஏ. பை மணிப்பாலில் தொடங்கிய கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரி, இந்தியாவில் தனியார் முயற்சியில் கட்டணத்தை நம்பி எழுந்த முதல் மருத்துவக் கல்லூரி; மலேசிய மாணவர் பலர் அங்கே பயின்று திரும்பி மதிப்போடு தொழில் புரிந்தனர். பொருள் படைத்தவருக்கு அது நல்வழி. லயத்தில் பிறந்தவருக்கு அது கனவே. பின்னர்க் கட்டணம் குறைந்த கிழக்கு ஐரோப்பியக் கல்லூரிகள் கண்ணில் பட்டன. உக்ரைனின் கிரைமியா அரசு மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கு மலேசிய இந்திய மாணவர் பெருந்தொகையாகச் சென்றனர். 2005இல் மலேசியா அதன் பட்டத்துக்கு அளித்த ஏற்பை விலக்கிக்கொள்வதாக அறிவித்தது. நகையை அடகு வைத்துப் பிள்ளையை அனுப்பிய குடும்பங்களுக்கு அது இடியாக இறங்கியது. எதிர்ப்பு எழுந்தபின், முன்னரே சேர்ந்திருந்தவர்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. 1971ஆம் ஆண்டு மருத்துவச் சட்டத்தின் இணைப்பில் ஒரு கல்லூரியின் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது, கட்டணத்தை விசாரிப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை என்பதை அந்நிகழ்ச்சி பல பெற்றோருக்குக் கசப்போடு கற்பித்தது. முகவர் தரும் வண்ணப் படப் புத்தகத்தில் அவ்விணைப்பு அச்சாவதில்லை.

உள்நாட்டில் வேறு சில கதவுகளும் திறந்தன. இந்தியர் முயற்சியில் 1984இல் எம்.ஐ.இ.டி. அறநிறுவனமும், அதன் வழியாக 2001இல் கெடாவில் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகமும் தோன்றின. 2011இல் பெர்டானா பல்கலைக்கழகம் அமெரிக்க முறையில், முதற்பட்டம் பெற்றவர்க்கு நான்காண்டு மருத்துவப் படிப்பைத் தொடங்கியது. அமெரிக்காவிலேயே இம்முறையில் பட்டப்படிப்பு மதிப்பெண் தாழ்ந்தவர் வெவ்வேறு வழி தேடுவர். சிலர் அறிவியல் பாடங்களைத் திரும்பப் படிப்பர். சிலர் 1976இல் கிரெனடாத் தீவில் தோன்றிய செயின்ட் ஜார்ஜஸ் போன்ற கரீபியன் கல்லூரிகளுக்குச் செல்வர். இன்னும் சிலர் ஆஸ்டியோபதி மருத்துவக் கல்லூரிகளை நாடுவர். இக்கடைசிக் கல்லூரிகளின் கதை சுவையானது. 1892இல் தோன்றி நெடுங்காலம் இகழப்பட்ட அப்பிரிவின் மருத்துவர் இன்று அந்நாட்டின் எல்லா மாநிலங்களிலும் முழு உரிமையோடு தொழில் புரிகின்றனர். 2020இல் இரு பிரிவினரின் மேற்பயிற்சியும் ஒரே ஏற்பு முறையின்கீழ் வந்தது. எல்.எம்.பி.க்காரர் சுருக்கப் படிப்பால் அடைந்ததை இவர்கள் நூறாண்டுக்கு மேற்பட்ட வழக்காலும் வாதத்தாலும் அடைந்தனர் எனலாம்.

மலேசியாவில் மருத்துவப் படிப்புக்கான குறைந்த அளவுத் தகுதி 2011இல் நாடு முழுதும் வரையறுக்கப்பட்டது. வெளிநாடு செல்பவரும் அதற்கு உட்பட்டவரே. எஸ்.டி.பி.எம். தேர்வில் உயிரியலிலும் வேதியியலிலும், இயற்பியல் அல்லது கணிதத்திலும் நல்ல நிலை வேண்டும் என்பது அதன் சாரம். முதல் முறை தவறியவர் அத்தேர்வைத் திரும்ப எழுதலாம். தொடர்புடைய துறையில் பெற்ற பட்டமும், உயர்ந்த மதிப்பெண்ணோடு முடித்த சுகாதார அறிவியல் டிப்ளோமாவும் நுழைவுத் தகுதிகளாக ஏற்கப்பட்டுள்ளன. தோட்டத்து டிரஸரின் வேலையை ஒத்த பணிக்கு அரசு மருத்துவமனைகளில் ஆள் சேர்ப்பதும் இத்தகைய டிப்ளோமா வழியேதான். அவர்களுக்கு 1977இல் தனிப் பதிவுச் சட்டம் வந்தது, இன்று அவர்கள் உதவி மருத்துவ அதிகாரி எனப்படுகின்றனர். ஆகவே 1905இல் சிப்பாய் லைன்ஸ் கட்டடத்தில் பிரிந்த இரு வழிகளுக்கிடையே இப்போது ஒரு குறுக்குப் பாதை உண்டு. ஒடுங்கியதுதான்; ஆனால் வரைபடத்தில் இருக்கிறது. பள்ளியிறுதியில் மதிப்பெண் தாழ்ந்து அப்பணிக்குச் செல்லும் மலைத்தோட்டத்து மாணவனுக்கு அதை முதல் நாளிலேயே காட்டித் தரக்கூடியவர், பெரும்பாலும், அவன் பழைய பள்ளி ஆசிரியர் ஒருவரே.