பிரியும் முடிச்சும்

செய்யாற்றங்கரையிலுள்ள மாகறலுக்கு வெளியூரிலிருந்து செல்பவர்களில் பலரும் சம்பந்தர் பாடிய சிவன் கோயிலைக் காணச் செல்பவர்களே. நாங்களும் அதற்காகத்தான் சென்றோம். திரும்பும் வழியிலோ எங்கள் பேச்சு வைக்கோலைச் சுற்றியே அமைந்துவிட்டது. அறுத்த வயலில் பாய் சுருட்டி வைத்ததுபோல் உருளைகள் கிடந்தன. இரண்டடி விட்டம், மூன்றடி நீளம்; எடை இருபது கிலோவை ஒட்டியிருக்கும்.

ஒரு தலைமுறைக்கு முன் வைக்கோல் களத்தில் பிறந்தது. கற்றைகளைக் கையால் அடித்து நெல்லைப் பிரித்தபின், எஞ்சிய தாளைப் பரப்பிப் பிணைத்த மாடுகளை வட்டமாக ஓட்டுவார்கள். குளம்பு பட்டுத் துவண்டதே வைக்கோல். அதிலேயே சிறிது எடுத்து முறுக்கினால் பிரி. அந்தப் பிரியாலேயே கட்டு. மழைநீர் உள்ளிறங்காதபடி போர் போடுவது தனிக்கலை. பழம்பெருமை பேசும்போது யானை கட்டிப் போரடித்ததைச் சொல்கிறோம். பிரி திரித்த கைகளை யாரும் சொல்வதில்லை.

தொண்ணூறுகளுக்குப் பின் பரவலான அறுவடை இயந்திரம் நெல்லை வயலிலேயே பிரித்துவிட்டு வைக்கோலைத் தனக்குப் பின்னால் சிதறவிட்டுப் போனது. அதை வாரக் கூலியாள் இல்லை. வாரினாலும் துண்டுபட்ட தாள் கட்டில் நிற்பதில்லை. மாட்டுக்குரிய தீனியை வயலிலேயே கொளுத்திவிடலாமா என்று உழவர் யோசிக்க நேர்ந்தது.

மேற்கே இந்தச் சிக்கல் நெடுங்காலம் முன்பே தோன்றியிருந்தது. 1843இல் அமெரிக்காவின் இண்டியானாவைச் சேர்ந்த சாமுவேல் ஹியூவிட் ஓர் அழுத்துபொறிக்குக் காப்புரிமை பெற்றார். மூன்றடுக்குக் கொட்டகையின் உயரமுள்ள அப்பொறியில், குதிரைகள் சுற்றிவர, மேலேறிய பெரும் மரப்பாரம் உலர்புல்லின்மீது விழும். சுமார் 300 பவுண்டுக் கட்டுகள் ஓஹையோ ஆற்றில் படகேறின.

அழுத்துவது எளிதாயிற்று, கட்டுவதுதான் எளிதாகவில்லை. கை இரண்டும் மனமும் கூடிச் செய்யும் முடிச்சை இரும்புக்குக் கற்பிக்க வேண்டியிருந்தது. கதிர்க்கட்டுக்கு அதைச் சாதித்த ஜான் ஆப்பிள்பியின் காப்புரிமை 1878ஆம் ஆண்டினது. புல்லை வயலிலேயே வாரி, அழுத்தி, தானே முடிச்சிடும் பொறியைப் பென்சில்வேனியாவின் எட்வின் நோல்ட் உருவாக்கியபோது 1930களின் இறுதி வந்துவிட்டது.

நெப்ராஸ்காவின் உம்மோ லூபென் மாற்றி யோசித்தார். 1910இல் காப்புரிமை பெற்ற அவருடைய பொறி புல்லைச் சுருட்டியது. சுருளுக்கு முடிச்சு வேண்டாம். நூலைச் சில சுற்றுச் சுற்றி அறுத்துவிட்டால் போதும். எங்களுக்கு இதுவே இவ்வரலாற்றின் மிக அழகிய இடம். ஆலிஸ்-சால்மர்ஸ் நிறுவனம் 1947இல் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1971இல் கேரி வெர்மீர் ஏறத்தாழ ஒரு டன் எடையுள்ள உருளையைச் செய்தார்.

நம்மூரில் நிலைத்தது அந்த மரபின் சிறிய வடிவம். டிராக்டரின் விசையிலேயே ஓடி, பற்களால் வாரி, சுருட்டி, பின்கதவு வழியே உருட்டிவிடும். வரப்பு குறுக்கிடும் சிறுவயலில் ஓராள் தூக்கக்கூடிய எடையே பயன்படும்; டன் உருளையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வண்டியின் இருபுறமும் பிதுங்கி, எதிரே வருபவரைச் சாலையோரம் ஒதுங்கச்செய்த வைக்கோல் பாரம் இப்போது அடுக்கடுக்காக லாரியேறிக் கேரளம்வரை செல்கிறது.

ஒன்று மட்டும் மாறிவிட்டது. பிரியை மாடு கட்டோடு சேர்த்தே தின்றுவிடும். சணலையோ பிளாஸ்டிக் நூலையோ தொழுவத்தில் யாராவது மறவாமல் அறுத்தெடுக்க வேண்டும்.