யவனனுக்கு ஒரு சட்டை

சாக்ரடீஸ் என்றால் நம்மவர்களுக்கு நினைவுக்கு வருவது விஷக் கோப்பைதான். 1956-ல் வெளிவந்த 'ராஜா ராணி' படத்தில் சிவாஜி கணேசன் சாக்ரடீஸாக வந்தாரே, அதைப் பார்த்த பிறகு அந்தக் கிரேக்கரை வேறு கோலத்தில் கற்பனை செய்வதே சிரமமாகிவிட்டது. ஆனால் அதே சாக்ரடீஸ் கேடயமும் ஈட்டியும் சுமந்து மூன்று போர்களுக்குப் போய் வந்த மனிதர். பொடிடேயா முற்றுகையின்போது உறைபனியில் வெறுங்காலோடு நடந்தாராம். கி.மு. 424-ல் டீலியம் களத்தில் ஏதென்ஸ் படை தோற்று ஓடியபோது, இவர் அக்கம் பக்கம் நிதானமாகப் பார்த்துக்கொண்டு நடந்தே வந்தாராம். அந்த நடையைக் கண்டு எதிரிகள் கிட்ட நெருங்கவில்லை. அல்கிபியாடீஸ் இப்படிச் சொன்னதாகப் பிளேட்டோ எழுதிவைத்திருக்கிறார்.

இந்த வகைப் போர்வீரனுக்கு 'ஹாப்லைட்' என்று பெயர். இவன் சம்பளம் வாங்கும் சிப்பாய் அல்ல. ஊரில் கொஞ்சம் நிலபுலன் உள்ள குடும்பஸ்தன். கேடயம், ஈட்டி, தலைக்கவசம், மார்புக் கவசம் எல்லாம் சொந்தக் காசில் வாங்கிக்கொள்ள வேண்டும். நம் மயிலாப்பூரில் கச்சேரி ரோட்டு வீட்டுக்காரர் ஒருவர், ரேழியில் குடை மாட்டும் ஆணியில் கேடயத்தை மாட்டி வைத்திருக்கிறார் என்றும், திருவான்மியூரோடு சண்டை மூண்டால் அதை எடுத்துத் துடைத்துக்கொண்டு புறப்படுகிறார் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். கிரேக்க நகரங்களின் சண்டை கிட்டத்தட்ட அப்படித்தான் நடந்தது.

மேல் நாடுகளில் இன்று இந்த ஹாப்லைட்டுகளைப் போலவே உடுத்தி, அவர்களைப் போலவே அணிவகுத்து நிற்பதைச் சிரத்தையாகச் செய்கிற சங்கங்கள் இருக்கின்றன. இங்கிலாந்தில் ஒன்று, கிரீஸ் தேசத்தில் 'கொரிவாண்டெஸ்' என்று ஒன்று. வேறு சிலவும் உண்டு. 2011-ல் மாரத்தான் போரின் 2500-வது ஆண்டு நினைவாகப் பல தேசத்து அன்பர்கள் அந்தச் சமவெளியிலேயே கூடினார்கள். நம் நாடக சபாக்களைப் போல் ஜிகினாத் தொப்பியும் அட்டைக் கத்தியும் போட்டுக்கொண்டு போனால் அங்கே உள்ளே விடமாட்டார்கள். கம்பளித் துணியா, நாரிழைத் துணியா, எந்தச் செடியின் சாயம், எந்த விதத் தையல் என்று கேள்வி மேல் கேள்வி. கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட வேண்டும். மூக்குக் கண்ணாடிக்காரர்கள் பாடு திண்டாட்டம்தான்.

வேலையற்றவர்களின் விளையாட்டு என்று இதைத் தள்ளிவிடலாமா? தள்ள முடியாது. புத்தகம் சொல்லாத சில சமாசாரங்களை உடம்பு சொல்லிவிடுகிறது. அந்தக் கேடயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றடி விட்டமுள்ள மரக் கிண்ணம்; மேலே மெல்லிய வெண்கலத் தகடு. எடை ஆறு, ஏழு கிலோ. நடுவில் உள்ள பட்டையில் முழங்கை வரைக்கும் நுழைத்து, விளிம்பில் உள்ள பிடியை விரல்களால் பற்ற வேண்டும். மாட்டிக்கொண்டு நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரிகிறது, அதன் பாதி இடப்புறம் நீட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்பவனைக் காக்கிறது என்று. வலப்புறம் நிற்பவன் ஓடிப்போனால் என் கதி அதோகதி. கொரிந்தியத் தலைக்கவசம் என்று ஒன்று உண்டு. காதையும் கன்னத்தையும் மூடி, கண்ணுக்கு மட்டும் இடைவெளி விடுவது. அதை மாட்டினால் பக்கத்தில் இருப்பவன் கத்துவதே கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் இருக்குமாம். தளபதி உத்தரவிட்டார், வீரர்கள் உடனே திரும்பினார்கள் என்று எங்களைப் போன்ற கதாசிரியர்கள் ஒரே வரியில் எழுதிவிடுகிறோம். அந்தத் தொப்பிக்குள் தலையை விட்டவன் அப்படி எழுதமாட்டான்.

மாரத்தானில் ஏதென்ஸ் வீரர்கள் எட்டு 'ஸ்டேடியம்' தூரம், அதாவது ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர், ஓடியே போய்ப் பாரசீகர் மேல் விழுந்தார்கள் என்று ஹெரடோடஸ் எழுதினார். 1970-களில் அமெரிக்காவில் பென்ஸில்வேனியா மாநிலச் சர்வகலாசாலையில் (பென் ஸ்டேட்) இரண்டு பேராசிரியர்கள் மாணவர்கள் மேல் அதற்கீடான பாரத்தை ஏற்றி ஓடவிட்டுப் பார்த்தார்கள். கேடயத்தை மார்புக்கு நேரே பிடித்துக்கொண்டு அவ்வளவு தூரம் ஓடிவிட்டு, அப்புறம் சண்டையும் போடுவது மனிதனால் ஆகிற காரியம் அல்ல என்று முடிவு கட்டினார்கள். இன்னொரு பேராசிரியர், கிரிகரி ஆல்ட்ரெட் என்பவர், பல மடிப்பு நாரிழைத் துணியைப் பிசின் போட்டு ஒட்டிக் கவசம் செய்தார். வெறும் துணிதானே என்று கத்தரிக்கோலை வைத்தால் வெட்டுப்படவில்லை. மின்சார ரம்பம் தேவைப்பட்டது. மாணவன் ஒருவனுக்கு அதை மாட்டிவிட்டு அவன் மேலேயே அம்பு எய்து பார்த்தார்! (மாணவன் பிழைத்துக்கொண்டான். பிறகு புத்தகத்திலும் அவன் பெயர் சேர்ந்தது.) பழைய கவசம் ஒட்டியது அல்ல, தைத்தது என்று வாதிக்கிறவர்களும் இருக்கிறார்கள். 2024-ல் வெளியான ஓர் ஆராய்ச்சிக்காகக் கிரேக்கக் கடற்படை வீரர்கள் 13 பேர், 3500 ஆண்டுப் பழமையான டென்ட்ரா கவசத்தின் நகலை அணிந்து 11 மணி நேரம் சண்டைப் பயிற்சி செய்தார்கள். ஹோமர் காலத்துச் சாப்பாட்டையே அவர்களுக்குப் போட்டார்களாம்: ரொட்டி, மாமிசம், பாலாடைக்கட்டி, வெங்காயம், திராட்சை மது.

இதற்கெல்லாம் நமக்கு என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். எனக்குச் சம்பந்தம் வந்தது, எங்கள் பேட்டை இளைஞர்கள் சிலர் ஒரு சரித்திர நாடகம் போட முனைந்தபோது. பாண்டியன் கோட்டை வாசலில் இரண்டு யவனக் காவலர்கள் நிற்க வேண்டும். "மாமா, நீங்கள்தான் சரித்திரக் கதையெல்லாம் எழுதுகிறீர்களே, யவனன் என்ன உடுப்புப் போட்டிருந்தான் என்று சொல்லுங்கள்" என்று வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அவர்கள் கையில் ஒரு படம் இருந்தது: சிவப்புக் குஞ்சம் வைத்த தலைக்கவசம், வெண்கல மார்பு, வட்டக் கேடயம். அசல் ஹாப்லைட்.

அங்கேதான் கோளாறு. சாக்ரடீஸின் ஹாப்லைட்டுக்கும் சங்க காலத்து யவனனுக்கும் நடுவில் ஐந்நூறு ஆண்டு கிடக்கிறது. கிருஷ்ணதேவராயர் காலத்துச் சிப்பாயைக் கொண்டுவந்து இன்றைக்குத் தேனாம்பேட்டைப் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிறுத்தினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருக்கும் இதுவும். நம் கரைக்கு வந்த யவனர்கள் ரோமாபுரி ஆட்சிக்கு உட்பட்ட எகிப்திலிருந்து கப்பலேறியவர்கள், கிரேக்கம் பேசியவர்கள். கடற்கொள்ளைக்காரர்களுக்குப் பயந்து இந்தியாவுக்கு வரும் கப்பல்களில் வில்லாளிகளை ஏற்றிக்கொண்டு வந்தார்கள் என்று பிளினி எழுதுகிறார். இரண்டாம் நூற்றாண்டில் டாலமி குறித்த 'மலியார்பா' என்ற துறை நம் மயிலாப்பூரே என்று கொள்கிற அறிஞர்கள் பலர். அப்படியானால் கபாலி கோயில் தெருக்களில் நாடகம் போடப் புறப்பட்ட எங்கள் பையன்களுக்கு யவனன் ஒன்றும் அந்நியன் அல்ல. அரிக்கமேட்டில் 1945-ல் வீலர் தோண்டியபோது அவர்களுடைய மது ஜாடிகளும் இத்தாலியத் தட்டுகளும் அகப்பட்டன. ஜாடி கிடைத்தால் வியாபாரி தெரிவான். காவலன் தெரிய வேண்டுமானால் புலவர்களைத்தான் கேட்க வேண்டும்.

புலவர்கள் சொல்வது கொஞ்சம்தான். சிலப்பதிகாரம் மதுரைக் கோட்டை வாசலில் யவனர்களை வாளோடு நிறுத்துகிறது. பதிற்றுப்பத்தில் இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் யவனரைப் பிடித்துக் கையைப் பின்கட்டாகக் கட்டித் தலையில் நெய் ஊற்றினான் என்று வருகிறது. உடுப்பைப் பற்றி வேண்டுமானால் நப்பூதனார் பாடிய முல்லைப்பாட்டுக்குத்தான் போகவேண்டும். பத்துப்பாட்டில் மிகச் சிறியது அது, 103 அடி. அரசன் பாசறையில் யவனர்கள் காவல் இருக்கிறார்கள். இறுக்கி உடுத்த உடை, அதில் சுற்றிய குதிரைச் சவுக்கு, முரட்டு உடம்பு, பார்த்தாலே பயம் தருகிற தோற்றம். சவுக்குக்குப் புலவர் சொல்லும் 'மத்திகை' என்ற பெயரே கிரேக்கத்திலிருந்து வந்தது என்கிறார்கள். சவுக்கோடு சேர்ந்து அதன் பெயரும் கப்பலில் வந்து இறங்கியிருக்கிறது!

இவ்வளவோடு இன்னொன்றும் சொல்கிறார்: அவர்கள் 'மெய்ப்பை'க்குள் புகுந்திருந்தார்கள் என்று. மெய்யைப் போட்டுக்கொள்கிற பை. சட்டை!

இதை நான் எத்தனையோ தரம் படித்திருக்கிறேன். உரை சொல்லுகிறபடி 'சட்டை' என்று பொருள் கொண்டு மேலே போயிருக்கிறேன். நாடகத்துக்காக அதைத் தைக்கக் கொடுத்த அன்றுதான் அந்தச் சொல் கண் விழித்தது. எகிப்தின் வறண்ட மணலில் பழைய சட்டைகள் பல மக்காமல் கிடைத்திருக்கின்றன; பெரும்பாலானவை சற்றுப் பிந்திய காலத்தவை என்றாலும் அமைப்பு அதேதான். நீள்சதுரத் துணி, தலை நுழைய ஒரு கீறல், இரண்டு பக்கமும் தையல். பொத்தான் இல்லை, காலர் இல்லை, இடுப்பு வெட்டு இல்லை. இந்த விவரத்தைக் காகிதத்தில் வரைந்து, தியாகராய நகரில் பாண்டி பஜாருக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கும் தையற்காரரிடம் கொடுத்தேன். நாற்பது வருஷத் தொழில்காரர். காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன சார் இது? தலையணை உறையா?"

"இல்லை, சட்டை."

"சட்டைன்னா உடம்புக்கு ஒரு வெட்டு வேண்டாமா? இது வெறும் பை சார்."

இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தி ஒரு தமிழ்ப் புலவர் ஒரு யவனனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு என்ன சொன்னாரோ, அதையே இந்த மனிதர் முல்லைப்பாட்டைத் தொடாமல் சொல்லிவிட்டார். எனக்குச் சற்று நேரம் பேச்சு எழவில்லை. துணிக்குப் பணம் கொடுக்கக்கூட மறந்து படியிறங்கி, அவர் கூப்பிட்டுத் திரும்பினேன்.

அப்புறம்தான் உண்மையான சங்கடம் ஆரம்பித்தது. ஒத்திகையில் யவனன் தன் பையைப் போட்டுக்கொண்டு, இடுப்பில் வாரை இறுக்கிக்கொண்டு, சவுக்கோடு வந்து நின்றான். யாரும் அவனைக் கவனிக்கவில்லை! ஏன் கவனிப்பார்கள்? அவனைச் சுற்றி நின்ற பாண்டிய வீரர்கள் நால்வரும் வாடகைக் கடையிலிருந்து வந்த சிவப்பு வெல்வெட் சட்டையும், சரிகைக் கரையும், தோளில் குஞ்சலமுமாக ஜொலித்துக்கொண்டிருந்தார்கள். பார்ஸி நாடகக் கம்பெனிகள் நம் பக்கம் வந்துபோன காலத்திலிருந்து நம் மேடை ராஜாக்களுக்கும் சேவகர்களுக்கும் இந்த வெல்வெட் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1891-ல் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கி மேடையை எவ்வளவோ சீர்திருத்தினார். வெல்வெட் மட்டும் அசையவில்லை. சினிமாவில் அது இன்னும் ராஜபோகமாக வளர்ந்தது.

புலவர் அந்தப் பையைக் குறித்து வைத்ததற்குக் காரணமே வேறு. அரசன் பாசறையில் தையல் போட்ட துணிக்குள் நின்றார்கள் இந்த அந்நியர்கள். தமிழ் வீரர்கள் பெரும்பாலும் இடுப்புத் துணியோடு வெற்று மார்பில் நின்றிருப்பார்கள். அந்த மார்பில் விழுந்த விழுப்புண்ணைப் பற்றித்தானே நம் புறப்பாட்டுகள் அவ்வளவு பெருமை பேசுகின்றன? வெல்வெட்டுக்குள் விழுப்புண் யாருக்குத் தெரியும்? ஆகவே யவனனுக்குச் சரியாக உடுத்த வேண்டுமானால் பாண்டிய வீரர்களின் சட்டையைக் கழற்றியாக வேண்டும்.

இதை நான் சொன்னதும் ஒத்திகை நின்றுவிட்டது. நால்வரும் பாங்கி, இன்ஷியூரன்ஸ் என்று உத்தியோகம் பார்ப்பவர்கள். இருவருக்கு லேசாகத் தொந்தி. "மாமா, சபாவில் ஆபீஸ்காரர்களெல்லாம் வருவார்கள்" என்றான் ஒருவன். "மன்னி முன்வரிசையில் உட்காருவாள்" என்றான் இன்னொருவன். "கோயிலுக்குள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தானே போகிறாய்?" என்றேன். "அது கோயில், மாமா!" என்றான். டைரக்டர் பையன் மட்டும் ஒன்றும் பேசாமல் யவனனையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு வெல்வெட்டை அவிழ்க்கச் சொல்லி, கதவைச் சாத்திக்கொண்டு, அந்தக் காட்சியை மறுபடி நடத்தினான்.

வெற்று மார்போடு நான்கு பேர். நடுவில் கழுத்திலிருந்து முழங்கால் வரை துணிக்குள் ஒருவன். மின்விசிறியை நிறுத்தியிருந்தார்கள். ஐந்து நிமிஷத்தில் யவனனுடைய முதுகும் கக்கமும் நனைந்து துணி உடம்போடு ஒட்டிக்கொண்டது. முகம் சிவந்து கடுகடுத்தது. பாஷை தெரியாத ஊரில் கூலிக்குக் காவல் நிற்கிறவன். புழுக்கம் தாங்கவில்லை, ஆனாலும் பையைவிட்டு வெளியே வரமாட்டான். அந்தச் சிடுசிடுப்பை அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

நாடகம் நடந்த அன்று பாண்டிய வீரர்களில் மூன்று பேர் வெற்று மார்போடு வந்தார்கள். நாலாவது ஆள், மன்னிக்குப் பயந்தவன், கடைசி நிமிஷத்தில் தானும் யவனனாகிவிடுகிறேன் என்று கேட்டான். வாசலுக்கு இரண்டு யவனர்கள் வேண்டும் என்று முதலிலேயே திட்டம் இருந்ததால் சௌகரியமாகப் போயிற்று. தையற்காரர் இரண்டாவது பையை ஒரே மணி நேரத்தில் தைத்துக் கொடுத்தார்.