தந்தி என்ற சொல்லும் வீட்டுக் கணினியும்

2013 ஜூலை நடுவில் இந்தியாவில் தந்திச் சேவை நிறுத்தப்பட்டது. கடைசி நாளில் நினைவுக்காகத் தந்தி அனுப்ப அலுவலகங்களில் மக்கள் வரிசையில் நின்றனர். ஆனால் சட்டநூலில் தந்தி அன்று சாகவில்லை. 1885ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம் அதற்குப் பின்னரும் பத்தாண்டுகளுக்கு மேல் நடைமுறையில் இருந்தது. கம்பிவழியாகவோ மின்காந்த அலைவழியாகவோ குறி, எழுத்து, உருவம், ஒலி ஆகியவற்றை அனுப்பவோ பெறவோ பயன்படும் எந்தக் கருவியும் அச்சட்டத்தின்படி 'தந்தி'தான். தொலைபேசி, வானொலி, மோடம், ரூட்டர் ஆகிய அனைத்தும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கின. சொற்பொருள் விரிவு பொதுவாக மக்கள் வழக்கால் நிகழும். இங்கோ அது சட்டத் திருத்தத்தால் நிகழ்ந்தது. பெயர் தந்த பொருள் மறைந்த பின்னும் பெயர் ஆட்சி செய்தது.

இந்திய வீடுகளில் கணினியையும் வலையமைப்பையும் தம் கையாலேயே அமைத்துக்கொண்ட ஆர்வலர்களின் வரலாற்றை எழுத முற்படுபவர் இந்தச் சொல்லிலிருந்து தொடங்குவது நல்லது. அவ்வரலாறு பெரும்பாலும் இயந்திரங்களின் வரலாறாகவே சொல்லப்படுகிறது: எந்த ஆண்டில் எந்தக் கணினி வந்தது, நினைவகம் எவ்வளவு, விலை எவ்வளவு என்று. ஆனால் வீட்டுக்குள் இருந்த கணினியைப் பற்றிச் சட்டம் பெரிதாகக் கவலைப்படவில்லை. 1984 நவம்பரில் அறிவிக்கப்பட்ட கணினிக் கொள்கை இறக்குமதிக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. கணினி வாங்க வழி திறந்தது. அந்தக் கணினியிலிருந்து ஒரு கம்பி வாசற்படியைத் தாண்டியபோதுதான் 1885ஆம் ஆண்டின் சட்டம் குறுக்கே வந்தது. தந்தியை அமைக்கவும் பேணவும் இயக்கவும் ஒன்றிய அரசுக்கே தனியுரிமை உண்டு என்றது அதன் 4ஆம் பிரிவு. பிறர் உரிமம் பெற்றே செய்ய வேண்டும். தமிழில் 'உரிமை', 'உரிமம்' இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை. முன்னது ஒருவருக்கு இயல்பாகவே உரியது. பின்னது ஒருவர் தர மற்றவர் பெறுவது. வீட்டு வலையமைப்பின் கதை இவ்விரண்டுக்கும் இடையில் நடந்தது.

வானொலிக் காலத்திலேயே இதன் வடிவம் தெளிவாகத் தெரிகிறது. 1933ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டம் உரிமமின்றி வானொலிக் கருவியை வைத்திருப்பதையே குற்றமாக்கியது. கேட்பதற்கும் உரிமம் வேண்டும். அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தி வானொலி உரிமத்தைப் புதுப்பிக்கும் வழக்கம் 1980களின் நடுப்பகுதி வரை நீடித்தது. அனுப்புவதற்கோ தேர்வெழுதி அமெச்சூர் வானொலி உரிமம் பெற வேண்டும். வணிகச் செய்திகளுக்கு அதில் இடமில்லை. ஆக, வீடு என்பது அடிப்படையில் பெறும் இடம். அனுப்பும் இடம் வேறு என்ற பாகுபாடு கணினிக்கு முன்பே நிலைபெற்றுவிட்டது.

அந்தப் பாகுபாட்டை முதலில் பெருமளவில் குலைத்தவர்கள் கணினி ஆர்வலர்கள் அல்லர். வீடியோ கேசட் ரெக்கார்டரை இயக்கியவர்கள். 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வண்ணத் தொலைக்காட்சி வந்தது. 1980களின் நடுப்பகுதியில் பம்பாயின் அடுக்குமாடிக் கட்டடங்களில் ஒரு வீட்டில் கேசட்டை ஓடவிட்டு, அதன் வெளியீட்டை மாடுலேட்டர் மூலம் காலியான ஓர் அலைவரிசையில் ஏற்றி, கோஆக்சியல் கேபிள் வழியே பிற வீடுகளுக்குப் பகிரும் ஏற்பாடு பரவியது. இதற்குப் பொறியியல் பட்டம் தேவைப்படவில்லை. அனுபவ அறிவு தேவைப்பட்டது. கேபிளை ஒருமுறை இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொரு கிளைக்கும் பாதிக்கும் குறைவான ஆற்றலே போய்ச் சேரும். எனவே எத்தனை வீட்டுக்கு ஒரு பெருக்கி என்ற கணக்கு வேண்டும். பெருக்கியை மிகையாக ஏற்றினால் படம் தெளிவதற்குப் பதில் ஒன்றன்மேல் ஒன்று படியும். மழைநீர் புகுந்த இணைப்பி ஒன்று ஒரு தெருவையே இருட்டாக்கும். 1991 வளைகுடாப் போரும் அதனை ஒட்டி வந்த செயற்கைக்கோள் அலைவரிசைகளும் இந்தக் கட்டட வலைகளை மரங்கள்மேலும் மொட்டைமாடிகள்மேலும் தெருக்களைக் கடந்து செல்ல வைத்தன. வலை முதலில் வளர்ந்தது. சட்டம் 1995இல்தான் வந்தது. கேபிள் நடத்துநர் பதிவு செய்ய வேண்டிய இடமாக அச்சட்டத்தின்கீழ் அமைந்ததும் தலைமை அஞ்சலகமே.

அதே ஆண்டுகளில், மிகச் சிறிய எண்ணிக்கையில், இன்னொரு கூட்டம் தொலைபேசிக் கம்பியைப் பிடித்தது. ஒரு கணினி, ஒரு மோடம், ஒரு தொலைபேசி இணைப்பு ஆகிய மூன்றையும் கொண்டு வீட்டிலேயே நடத்தப்பட்ட மின் அறிக்கைப் பலகைகள் 1980களின் இறுதியிலிருந்து பம்பாயிலும் தொடர்ந்து பிற பெருநகரங்களிலும் தோன்றின. தொலைபேசி இணைப்புக்கே ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் அது. ஒரு கம்பியில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் நுழைய முடியும். அவர் கடிதங்களைப் படித்து, பதில் எழுதி, கோப்பை இறக்கிக்கொண்டு வெளியேறிய பின்னரே அடுத்தவருக்கு வழி. வினாடிக்கு 2400 பிட் வேகமுள்ள மோடம் வினாடிக்கு ஏறத்தாழ 240 எழுத்துகளைக் கடத்தும். 100 கிலோபைட் கோப்புக்கு ஏழு நிமிடம். இடையில் கம்பியில் இரைச்சல் வந்தால் இணைப்பு அறுந்துவிடும். விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி கொண்ட இசட்மோடம் என்னும் நெறிமுறை இத்தகைய கம்பிகளில் ஆடம்பரமன்று, தேவை. வெளியூர் அழைப்புக் கட்டணம் இரவில் குறைந்ததால் பல நகரப் பலகைகளுக்கிடையே கடிதப் பரிமாற்றம் நள்ளிரவில் நடந்தது.

இந்தப் பலகைகளின் முக்கியத்துவம் அவற்றின் அளவில் இல்லை. அவை எங்கிருந்து இயங்கின என்பதில் இருக்கிறது. ஒரு குடிமகனின் வீடு முதன்முறையாக எழுத்துச் செய்திகளைப் பிறருக்கு வழங்கும் நிலையமாயிற்று. சட்டத்தின் கண்ணில் அதுவும் தந்திதான். 1990களின் நடுப்பகுதியில் தொலைத்தொடர்புத் துறை இத்தகைய பலகைகளுக்கும் மின்னஞ்சல் சேவைகளுக்கும் லட்சக்கணக்கான ரூபாயை உரிமக் கட்டணமாக விதித்தபோது, பொழுதுபோக்காக இலவசமாக நடத்தியவர்களுக்கும் பெருநிறுவனங்களுக்கும் இடையிலான வேறுபாடு அழிந்துபோனது. எதிர்ப்பு எழுந்தது. வியப்பு என்னவென்றால், அதே காலத்தில், 1995 பிப்ரவரியில், கிரிக்கெட் ஒளிபரப்பு தொடர்பான வழக்கில் உச்சநீதிமன்றம் வானலைகள் பொதுச்சொத்து என்று கூறியது. கருத்துரிமை என்பது தகவலைப் பெறும் உரிமை மட்டுமன்று, பரப்பும் உரிமையும்கூட என்பதையும் அத்தீர்ப்பு வலியுறுத்தியது. நீதிமன்றம் பரப்புவதை உரிமை என்றது. துறையின் கோப்பில் அது உரிமமாகவே இருந்தது.

1995 ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனம் பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியது. வேகம் வினாடிக்கு 9.6 கிலோபிட். தனிநபர் கட்டணம் ஆண்டுக்கு 250 மணி நேரத்திற்கு 5,000 ரூபாய். மாணவர்களுக்கு 500 ரூபாயில் ஷெல் கணக்கு கிடைத்தது. அதில் எழுத்து மட்டுமே தெரியும்; படமுள்ள வலைப்பக்கங்களைக் காண விலை கூடிய டி.சி.பி./ஐ.பி. கணக்கு வேண்டும். இந்தச் சுவரை ஸ்லர்ப் என்ற சிறு நிரல் துளைத்தது. பயனர் அதைத் தம் ஷெல் கணக்கில் ஏற்றி இயக்கினால், வீட்டுக் கணினி அனுப்பும் தரவுப் பொட்டலங்களை அது வாங்கி, சேவையகத்தின் சொந்த இணைப்புகளைப் போலவே வெளியே அனுப்பி, வரும் விடைகளைத் திருப்பித் தரும். 500 ரூபாய்க் கணக்கில் படங்கள் தெரிந்தன. விலையால் வகுக்கப்பட்ட இரு வகைக் குடிமக்களுக்கு இடையிலான கோடு ஒரு நிரலால் அழிக்கக்கூடிய அளவுக்கு மெல்லியது என்பதை மாணவர்கள் கண்டுகொண்டனர். ஆயினும் அந்த வெற்றியில் ஒரு குறை இருந்தது. வீட்டுக் கணினிக்கு இணையத்தில் சொந்த முகவரி இல்லை. அது வெளியே கேட்கலாம். வெளியிலிருந்து எவரும் அதை நேராக அழைக்க இயலாது.

இணைப்பு இவ்வளவு அரிதாக இருந்ததால் மென்பொருள் கம்பிவழியாக அன்று, தாள்வழியாகவே பரவியது. 1996இல் பிசி குவெஸ்ட் இதழ் லினக்ஸ் இயங்குதளத்தைக் குறுவட்டில் இணைத்து வாசகர்களுக்கு வழங்கியது. பல நாள் தொலைபேசிக் கட்டணத்தை விழுங்கியிருக்கும் தரவு ஓர் இதழின் விலையில் கிடைத்தது. அதே ஆண்டு வெளிவந்த லினக்ஸ் 2.0 கருநிரலில் முகவரி மறைப்பு வசதி சேர்ந்திருந்தது: ஒரே முகவரியும் ஒரே மோடமும் கொண்டு வீட்டின் பல கணினிகளை இணையத்துடன் இணைக்கலாம். ஓய்வுபெற்ற 486 கணினி ஒன்று மூலையில் அமர்ந்து அண்ணன், தங்கை இருவரின் கணினிகளுக்கும் ஒரே கம்பியைப் பங்கிட்டது. வெளியுலகுக்கு ஒரு கணினி மட்டுமே தெரியும்; உள்ளே எத்தனை என்பது வீட்டாருக்கு மட்டுமே தெரிந்த செய்தி. இந்த நுட்பத்தை நினைவில் வைப்பது நன்று; கதையின் முடிவில் அது மீண்டும் வரும், வேறு கைகளில்.

அடுத்த திருப்பம் காற்றில் நிகழ்ந்தது. 2005 ஜனவரி இறுதியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையைத் திறந்தவெளியிலும் உரிமமின்றிப் பயன்படுத்த அரசு வழிவிட்டது. அடுத்த மாதமே தரம்சாலாவில், திபெத்திய அமைப்புகளின் வளாகங்களை இணைக்கும் கம்பியில்லா வலைப்பின்னல் பிறந்தது. மலைச்சரிவில் ஒரு கோபுரத்திலிருந்து எல்லா இடங்களையும் நேர்க்கோட்டில் பார்க்க முடியாது. எனவே ஒவ்வொரு முனையும் அடுத்த முனைக்குத் தரவைக் கைமாற்றும் முறை தேர்ந்தெடுக்கப்பட்டது. மின்சாரம் போய் ஒரு முனை விழுந்தால் தரவு வேறு வழி தேடிக்கொள்ளும். பிப்ரவரி முடிவதற்குள் எட்டு வளாகங்கள் இணைந்தன. பின்னர் முப்பதுக்கும் மேற்பட்ட முனைகளும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கணினிகளும் அதில் சேர்ந்தன. ஆனால் அந்த வகை வானொலி நுட்பம் ஜனவரியில் கண்டுபிடிக்கப்பட்டதன்று. அது சில ஆண்டுகளாகவே கடைகளில் இருந்தது. ஜனவரியில் மாறியது அரசிதழில் ஓர் அறிவிப்பு மட்டுமே. தொழில்நுட்பம் வந்ததால் மாற்றம் வந்தது என்று எழுதும் வரலாற்றாசிரியர்கள் இந்த ஒரு மாத இடைவெளியை உற்றுநோக்க வேண்டும்.

இன்று இந்திய வீடுகளில் கண்ணாடியிழை இணைப்பு வினாடிக்கு நூற்றுக்கணக்கான மெகாபிட் தருகிறது. கருவிகளோ மலிந்துவிட்டன. கைக்கடக்கமான சிறு கணினி ஒன்றும் ஒரு வன்தட்டும் போதும். குடும்பத்தின் படங்களையும் இசையையும் ஆய்வுக் கோப்புகளையும் வீட்டிலிருந்தே உலகெங்கும் வழங்கலாம். ஆனால் பழைய வகை இணைய முகவரிகள் தீர்ந்துவரும் நிலையில், ஆசிய பசிபிக் பகுதியின் பதிவகம் 2011 ஏப்ரலிலேயே தன் இறுதித் தொகுதியை எட்டியது. இன்று பல சேவை நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிடுகின்றன. முகவரி மறைப்பின் அதே நுட்பம்தான். 1996இல் அது வீட்டின் மூலையில், வீட்டாரின் கையில் இருந்தது. இன்று நிறுவனத்தின் கூடத்தில் இருக்கிறது. ரூட்டரின் நிலைப் பக்கத்தில் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரையான எண்களில் தொடங்கினால், 2012இல் இதற்கென்றே ஒதுக்கப்பட்ட தொகுதிக்குள் அந்த வீடு இருக்கிறது என்று பொருள். அந்த வீட்டிலிருந்து எதையும் கேட்டுப் பெறலாம். வெளியிலிருந்து வரும் அழைப்பு அதன் வாசலை அடையாது. புதிய ஐ.பி. 6 முகவரிகள் இந்தியாவில் விரிவாகப் பரவியுள்ளன. இருப்பினும் உள்ளே வரும் அழைப்பை அனுமதிப்பதா என்ற முடிவு பல வேளைகளில் நிறுவனத்தின் அமைப்பையே பொறுத்திருக்கிறது.

இதை எந்தச் சட்டமும் விதிக்கவில்லை. 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் தந்தி என்ற சொல்லுக்கு விடைகொடுத்தது. 'உரிமம்' இருந்த இடத்தில் 'அங்கீகாரம்' என்ற சொல்லைக் கொண்டுவந்தது. ஆனால் வானொலி உரிமத்தின் காலத்தில் வகுக்கப்பட்ட பாகுபாடு, வீடு பெறும் இடம், அனுப்பும் இடம் வேறு என்பது, சட்டநூலை விட்டு ரூட்டரின் அமைப்புக்குள் குடிபெயர்ந்திருக்கிறது. அரசிதழில் இருந்த விதியை எதிர்த்து மனு எழுதலாம், வழக்குத் தொடுக்கலாம். பெட்டிக்குள் முன்னமைவாக இருக்கும் விதி விதியாகவே கண்ணுக்குத் தெரிவதில்லை.

கேபிள் இழுத்தவரும், நள்ளிரவில் கடிதம் கடத்தியவரும், 500 ரூபாய்க் கணக்கில் படம் பார்த்த மாணவரும் செய்தது ஒன்றுதான்: தம் கையிலிருந்த கம்பி உண்மையில் எதற்கெல்லாம் உதவும் என்று சோதித்துப் பார்த்தார்கள். அவர்களுடைய சாதனங்கள் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டன. அவர்கள் எழுப்பிய கேள்வி போகவில்லை. ஒரு வீட்டுக்கு இணைப்பு இருக்கிறதா என்று மட்டும் கணக்கெடுக்கும் ஆய்வுகள், அந்த இணைப்பு எத்திசையில் திறந்திருக்கிறது என்பதையும் இனிக் கணக்கெடுக்க வேண்டும்.